மெய்த் தீர்க்கதரிசியும் பொய்த் தீர்க்கதரிசியும்: நவீன கிறித்தவத்திற் சோதனை முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்க் கிறித்தவ வழக்கிலே ‘தீர்க்கதரிசி’ என்னுஞ் சொல் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. தீர்க்கம் என்பது நெடுமை. தரிசித்தல் என்பது காணுதல். எனவே, நெடுந்தொலைவைக் காண்பவன், அஃதாவது வருவதை முன்னரே அறிந்து கூறுபவன் என்பதே இச்சொல் தமிழ்ச் செவிக்குத் தரும் முதற்பொருளாகும். ஆயின், எபிரேய மொழியிலே வழங்கும் ‘நாபி’ என்னுஞ் சொல்லின் ஆட்சி இதனின் வேறானது. மோசேக்குப் பதிலாக மக்கள் முன் பேசிய ஆரோனை அவருடைய ‘நாபி’ என யாத்திராகமம் கூறுகின்றது. மற்றொருவரின் வாயாக நின்று உரைப்பவன் என்பதே ஈண்டுப் பொருள். கிரேக்க மொழிச் சொல்லும் பெரும்பாலும் இப்பொருளையே தழுவியது. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்னும் ஆக்கத்தைக் கைக்கொண்டமை இவ்வேறுபாட்டை உணர்ந்தமையாலேயே எனலாம்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. தீர்க்கதரிசி என்பவன் வருவதுரைப்பவனாயின், அவனைச் சோதிப்பதற்குரிய வழி ஒன்றே: கூறியது நடந்ததா என்று பார்ப்பது. இறைவன் சார்பிற் பேசுபவனாயின், அவன் யார் பெயராற் பேசுகிறான், எவ்வாறு வாழ்கிறான், தன்னைச் சோதிக்க இடந்தருகிறானா என்னும் வினாக்கள் எழும். கடந்த இரு நூற்றாண்டுகளிற் கிறித்தவ உலகிலே தோன்றிய தீர்க்கதரிசிகள் சிலரின் வரலாற்றை நோக்கி, எந்தச் சோதனை எவ்விடத்திற் பயன்பட்டது, எது தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறைவன் ஒருவரோடு பேசினாரா என்னும் வினாவிற்கு விடைகூறல் வரலாற்றாசிரியனின் வரம்பிற்கு அப்பாற்பட்டது. பேசினார் என்று கூறியவரை மக்கள் எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதும், ஆராயத் தவறியவிடத்து யாது நேர்ந்தது என்பதும் அவனது வரம்பிற்கு உட்பட்டவை.

1. பழைய உரைகற்கள்

மெய்யையும் பொய்யையும் பிரித்தறியுஞ் சிக்கல் விவிலியத்தின் அளவு பழமை வாய்ந்தது. உபாகமத்தின் 18ஆம் அதிகாரம், கர்த்தரின் பெயராற் கூறப்பட்டது நிறைவேறாவிடின் அது அவருடைய வாக்கன்று என விதிக்கின்றது. அதே நூலின் 13ஆம் அதிகாரமோ, ஒருவன் கூறிய அடையாளம் பலித்தாலும் அவன் வேறு தெய்வங்களின்பால் மக்களை இழுப்பானாயின் அவனுக்குச் செவிகொடுத்தலாகாது என்கின்றது. நிறைவேற்றம் ஒன்றே போதிய சான்றாகாது என்பதை உபாகமமே உணர்ந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும். யோனாவின் கதை இதன் மறுதலையைக் காட்டுகின்றது. நாற்பது நாளில் நினிவே அழியும் என அவர் கூறினார், மக்கள் மனந்திரும்பினர், நகர் அழியவில்லை. எனினும் யோனாவைப் பொய்யர் என்று மரபு தள்ளவில்லை.

நிறைவேற்றச் சோதனையின் பெருங்குறை அதன் தாமதமாகும். எரேமியா நூலின் 28ஆம் அதிகாரம் இதனை நன்கு விளக்கும். பாபிலோனின் நுகம் இரண்டாண்டில் முறிக்கப்படும் என அனனியா கூறினார். முறிக்கப்படாது என எரேமியா கூறினார். இருவரும் ஒரே ஆலயத்தில், ஒரே இறைவனின் பெயராற் பேசினர். கேட்டு நின்ற மக்கள் இரண்டாண்டு பொறுத்திருந்து முடிவுசெய்யும் நிலையில் இல்லை. அன்றே ஒருவரைத் தெரிந்தாகவேண்டும். தீர்ப்பு வேண்டிய வேளையிற் கிட்டாத சான்று, சான்றாயினும் பயன் குறைந்ததே.

இக்காரணத்தாற் போலும், தொடக்கத் திருச்சபை வேறு அளவைகளை நாடியது. கனியினால் மரத்தை அறிதல் மத்தேயு நற்செய்தியின் வழி. தீர்க்கதரிசிகள் இருவர் மூவர் பேச ஏனையோர் நிதானித்து அறியவேண்டும் என்பது கொரிந்தியருக்குப் பவுல் வகுத்த ஒழுங்கு. ‘திதாக்கே’ எனப்படும் பழஞ்சுவடி இதனை மேலுந் தெளிவாக்கியது. பிலோதெயோஸ் பிரியேனியோஸ் 1873இற் கொன்ஸ்தாந்திநோப்பிளிற் கண்டெடுத்து 1883இல் வெளியிட்ட இந்நூல், ஊர்தோறுந் திரியும் தீர்க்கதரிசிகளைச் சோதிக்க எளிய விதிகளைத் தருகின்றது. மூன்று நாள் தங்குபவன் பொய்யன். ஆவியில் நின்று பணங் கேட்பவன் பொய்யன். ஆவியின் பெயரால் விருந்திடச் சொல்லித் தானே அதனை உண்பவன் பொய்யன். போதிப்பதைத் தான் செய்யாதவன் பொய்யன். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எர்மாவின் மேய்ப்பர்’ மற்றொன்றைச் சேர்க்கின்றது: பொய்யன் நீதிமான்களின் கூட்டத்தைத் தவிர்த்து, ஐயுறும் நெஞ்சினரை மூலையில் வைத்தே பேசுவான். இவ்விறுதிக் குறிப்பு சிறப்பாக நோக்கற்பாலது. ஒருவர் யாது கூறுகிறார் என்பதையன்றி, எங்கே, யார் முன்னிலையிற் கூறுகிறார் என்பதை அஃது அளவையாக்குகின்றது.

2. நாள் குறித்தலும் அதன் விளைவும்: வில்லியம் மில்லர்

நிறைவேற்றச் சோதனைக்கு நவீன காலத்தில் மிகத் தெளிவாக ஆட்பட்ட இயக்கம் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த மில்லரின் இயக்கமாகும். வில்லியம் மில்லர் (1782–1849) நியூயோர்க் மாநிலத்து உழவர். 1812ஆம் ஆண்டுப் போரிற் படைத்தலைவராகப் பணியாற்றியவர். தானியேல் நூலின் 8ஆம் அதிகாரத்துள்ள 2300 நாள்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து கணக்கிட்டு, கிறித்துவின் வருகை 1843ஆம் ஆண்டளவில் நிகழும் என அவர் முடிவுசெய்தார். 1831இற் போதிக்கத் தொடங்கினார். 1840 முதல் யோசுவா ஹைம்ஸ் என்னும் போதகரின் அச்சுப்பணி இக்கருத்தை நாடெங்கும் பரப்பியது. பின்பற்றியோர் தொகையை ஐம்பதினாயிரத்துக்குக் குறையாதென ஆய்வாளர் மதிப்பிடுவர்.

1843 மார்ச் முதல் 1844 மார்ச் வரையெனக் குறித்த ஓராண்டு வாளா கழிந்தது. கி.மு. 1ஆம் ஆண்டிற்கும் கி.பி. 1ஆம் ஆண்டிற்குமிடையே பூச்சிய ஆண்டு இல்லாமையாற் கணக்கு ஓராண்டு பிந்தவேண்டும் என்பது ஏற்கனவே அறியப்பட்டிருந்தது. சாமுவேல் சினோ என்பவர் 1844 ஒக்டோபர் 22 என நாளையே குறித்தார். மில்லர் நெடுநேரந் தயங்கி, ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே அதனை ஏற்றார். உழவர் சிலர் விளைச்சலை அறுக்காது வயலிலே விட்டனர். கடைக்காரர் கடைகளை அடைத்தனர். அந்நாளும் கழிந்தது. வரலாற்றில் இது ‘பேரேமாற்றம்’ என வழங்கும்.

நிறைவேற்றச் சோதனையின்படி தீர்ப்பு ஐயத்திற்கிடமற்றது. ஆயினும் மில்லரைப் பொய்த் தீர்க்கதரிசி என ஒரே சொல்லில் ஒதுக்குதல் எளிதன்று. அவர் தம்மைத் தீர்க்கதரிசி எனக் கூறியதில்லை. நூலை ஆராய்ந்தவர் என்றே கூறினார். கணக்கு முழுவதையும் வெளியிட்டு, எவரும் பிழைகாண இடமளித்தார். 1844 மே மாதத்திலேயே தமது கணிப்பின் தவற்றைப் பகிரங்கமாக ஏற்றார். 1845இற் தமது வரலாற்றையும் நிலைப்பாட்டையும் விளக்கி எழுதினார். வருகை அண்மையது என்னும் நம்பிக்கையை இறுதிவரை விடவில்லையெனினும், தவறிய கணக்கைத் தவறியதென்றே கூறினார்.

அவரைச் சார்ந்தோருட் சிலர் வேறு வழி சென்றனர். ஹைரம் எட்சன் முதலியோர், நாள் சரியே, நிகழ்ந்த இடமே வேறு, அது விண்ணகத் திருத்தலத்தில் நிகழ்ந்தது என விளக்கினர். 1863இல் அமைப்புற்ற ஏழாம்நாள் அத்வெந்து சபையின் கோட்பாட்டில் இவ்விளக்கம் இடம்பெற்றது. நம்புவோர்க்கு இது மெய்ப்பொருளாகலாம். ஆய்வாளன் கூறக்கூடியது ஒன்றே: காணக்கூடிய நிகழ்ச்சி காணவொண்ணாத நிகழ்ச்சியாக மாற்றப்பட்டவுடன், நிறைவேற்றம் என்னும் உரைகல் அதன்மேற் செல்லாது போகின்றது.

3. திருவிதாங்கூரின் ஆறாண்டு எதிர்பார்ப்பு

இதையொத்த நிகழ்ச்சி தமிழகத்தின் அயலிலும் நடந்தது. அதன் பின்னணி திருநெல்வேலியிலிருந்து தொடங்குகின்றது. ரேனியஸ் ஐயரிடங் கல்விகற்று, அந்தணி நோரிஸ் குரோவ்ஸ் என்பாரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட யோன் கிறித்தியான் அருளப்பன் (1810–1867), மேலைநாட்டுச் சங்கங்களின் ஊதியமின்றி ஊழியஞ் செய்தவர். அவர் நிறுவிய கிறித்தியான்பேட்டையில் 1860இல் எழுச்சியொன்று தோன்றியது. மக்கள் கதறியழுதமையையும், காட்சிகள் கண்டமையையும், தீர்க்கதரிசனம் உரைத்தமையையும் அவருடைய நாட்குறிப்புப் பதிவு செய்துள்ளது. ஐரோப்பிய மிஷனரிமார் சிலர் இதனை மகிழ்ந்தேற்றனர். வேறு சிலர் ஐயுற்றனர். ஆயின், இவ்வெழுச்சி ஒருவருடைய வாக்கிற் குவிந்து நிற்கவில்லை; நாளெதையுங் குறித்து அதன்மேல் நிற்கவுமில்லை.

1873ஐயடுத்துத் திருவிதாங்கூரில் எழுந்த எழுச்சி வேறு திசையிற் சென்றது. அதன் தலைவருள் முதன்மையானவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடியிற் பிறந்த இராமையன் என்னும் இவர், 1861இற் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, 1865இற் சேர்ச் மிஷனரிச் சங்கத்திற் குருப்பட்டம் ஏற்றார். ‘வித்துவான்குட்டி’ என மக்கள் அழைத்த இவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் கேரளக் கிறித்தவரிடையே நிலைபெற்றவை. கல்வியும் பத்தியும் இசைப்புலமையும் ஒருங்கே வாய்ந்த இவரை மக்கள் நம்பியதில் வியப்பில்லை. 1875இல், இன்னும் ஆறாண்டிற் கிறித்து வருவார் என்னும் அறிவிப்பு இவ்வியக்கத்தில் எழுந்தது. சங்கத்தோடிருந்த உறவு முறிந்தது. தனிச் சபை உருவாயிற்று. சிரியக் கிறித்தவர் பலரும் அதிற் சேர்ந்தனர்.

1881 வந்தது, எதிர்பார்த்தது வரவில்லை. சேர்ந்தோருட் பலர் பழைய சபைகளுக்கு மீண்டனர். யுஸ்துஸ் யோசேப்போ, வருகை ஆவிக்குரிய முறையில் நிகழ்ந்துவிட்டது என விளக்கி, ‘யுயோமயம்’ என்னும் புதிய நெறியைத் தொடக்கினார். 1887இல் அவர் மறைந்தார்.

மில்லரையும் இவரையும் ஒப்பிடுதல் பயன்தரும். இருவரும் நேர்மையானவர், இருவரும் பொருளீட்டவில்லை, இருவர் கூறியதும் நடக்கவில்லை. திதாக்கேயின் பணச் சோதனையில் இருவரும் தேறுவர். உபாகமத்தின் நிறைவேற்றச் சோதனையில் இருவருந் தவறுவர். எனவே இவ்விரு சோதனைகளும் இவர்களை ஒருவரினின்று ஒருவரைப் பிரித்துக் காட்டமாட்டா. வேறுபாடு நாள் கழிந்த பின்னரே வெளிப்பட்டது. ஒருவர் தவற்றைத் தவறென ஏற்றார். மற்றவர் தவறவொண்ணாத ஒரு விளக்கத்தினுட் புகுந்தார்.

4. அதிகாரத்தின் தீர்ப்பு: ஹரிசும் கிம்பாங்கும்

சோதிக்கும் பொறுப்பைத் திருச்சபைத் தலைமைக்கோ அரசுக்கோ விட்டுவிடலாம் என்பாருமுளர். மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் இரு வரலாறுகள் இக்கருத்தை மறுக்கின்றன.

வில்லியம் வாதே ஹரிஸ் லைபீரியாவின் கிரேபோ இனத்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அரசியற் கலகமொன்றிற் சம்பந்தப்பட்டுச் சிறையிலிருந்தபோது, 1910இல், கபிரியேல் தூதர் தமக்குத் தோன்றியதாகக் கூறினார். 1913 யூலையில் எல்லையைக் கடந்து ஐவரிக் கோஸ்ற் நாட்டிற் புகுந்தார். வெண்ணுடை, தலைப்பாகை, கையிற் சிலுவைக்கோல், விவிலியம், சுரைக்குடுக்கை, திருமுழுக்கு நீருக்கு ஒரு கலம்: இவையே அவருடைமை. கரையோரமாகக் கோல்ட் கோஸ்ற்வரை நடந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஓரிலட்சம் பேரளவிற்குத் திருமுழுக்கு அளித்தார் என்பர். அக்சிம் நகரில் அவரைக் கண்ட வழக்கறிஞர் கேஸ்லி ஹேய்போர்ட் 1915இல் அவரைப் பற்றி நூலொன்றே எழுதினார்.

அவர் தமக்கெனச் சபை நிறுவவில்லை, செல்வந் தேடவில்லை. அருகிலுள்ள கத்தோலிக்க, மெதடிஸ்த சபைகளுக்குச் செல்லுமாறும், சபையில்லாத ஊரில் விவிலியத்தோடு போதகர் வரும்வரை காத்திருக்குமாறும் பணித்தார். பிரெஞ்சுக் குடியேற்ற அரசு அவரைச் சிறைப்படுத்தி நாடுகடத்தியது. ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்து மெதடிஸ்த மிஷனரி வில்லியம் பிளற் அங்குச் சென்றபோது, அவர் சொற்படி ஆயிரக்கணக்கானோர் இன்னுங் காத்திருந்தமையைக் கண்டார். ஹரிஸ் 1929இல் வறுமையிலே மறைந்தார். எலியாவின் பணி தமக்களிக்கப்பட்டது என அவர் கருதியதும், பலமனைவியரை மணந்தோரைத் தள்ளாமையும் மிஷனரிமார்க்கு இடர்ப்பாடாயின. எனினும், தம்மினின்று மக்களை அகற்றி, தம்மைச் சோதிக்கக்கூடிய நூலின்பாலும் சபையின்பாலும் அவர்களை அனுப்பிய ஒருவரைப் பொய்யர் எனக் கூறுதல் அரிது.

பெல்ஜியக் கொங்கோவில் சீமோன் கிம்பாங்கு என்னும் பப்திஸ்த உபதேசியார் 1921 ஏப்பிரலில் நகம்பா என்னும் ஊரில் நோயாளரைக் குணமாக்கத் தொடங்கினார். மக்கள் தோட்டவேலையை விட்டுத் திரண்டனர். அரசு அஞ்சியது. அதே ஆண்டு ஒக்டோபரில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. மன்னர் முதலாம் அல்பேர்ட் அதனை ஆயுட்சிறையாக மாற்றினார். முப்பதாண்டு சிறையிருந்து 1951இல் அங்கேயே அவர் உயிர்துறந்தார். நாட்டின் அமைதியைக் குலைக்கும் பொய்யர் என அன்று முத்திரையிடப்பட்டவரின் வழிவந்த சபையை, 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றம் உறுப்பாக ஏற்றது. பின்வந்தோர் கிம்பாங்குவைத் தூய ஆவியின் அவதாரமெனக் கொள்ளத் தலைப்பட்டமையால், அவ்வுறுப்புரிமை 2021இல் முடிவுற்றது. தீர்க்கதரிசியைத் தண்டிக்கும் அரசும் தவறலாம். அவரைப் போற்றும் அடியாருந் தவறலாம். எரேமியாவைத் தொழுவில் மாட்டியவரும் ஆலய அதிகாரியான குருவே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

5. கனியும் ஏமாற்றிய இடம்: யோன்ஸ்டவுண்

இனி, கனியினால் அறிதல் என்னும் சோதனையை நோக்குவோம். பொதுவாக இதுவே மிகவும் நம்பத்தக்கதெனக் கொள்ளப்படுகின்றது. ஆயின், கனி பழுக்குங் காலம் நீண்டது என்பதையும், வெளித்தோற்றத்திற் கனி நன்றாயிருக்கக்கூடும் என்பதையும் ஜிம் யோன்சின் (1931–1978) வரலாறு காட்டுகின்றது.

இந்தியானாப்பொலிஸ் நகரில் 1950களில் ‘மக்கள் ஆலயம்’ என்னும் சபையை அவர் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் அமர்ந்து வழிபடுதல் அரிதாயிருந்த காலத்தில் அவருடைய சபை இரு சாராரையும் ஒருங்கிணைத்தது. ஏழைகட்கு உணவளித்தது, முதியோரைப் பேணியது. ‘கிறித்துவின் சீடர்’ என்னும் பெருஞ்சபை அதனைத் தன்னுள் ஏற்று, 1964இல் அவருக்குக் குருப்பட்டமளித்தது. அணுப்போர் 1967 யூலை 15இல் வெடிக்கும் எனக் கூறி அவர் சபையைக் கலிபோணியாவிற்கு இட்டுச் சென்றார். அந்நாள் கழிந்தது, எவரும் அதனைக் கணக்கிற் கொள்ளவில்லை. 1976இற் சான்பிரான்சிஸ்கோ நகரின் வீடமைப்பு ஆணைக்குழுவில் அவருக்குப் பதவி கிடைத்தது. கனிச் சோதனையை அவ்வாண்டில் நடத்தியிருப்பின், அவர் தேறியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஆனால், வெளியே தெரியாத ஒன்று உள்ளே நடந்துகொண்டிருந்தது. வினாவெழுப்பியோர் கூட்டத்தின் முன் இழிவுபடுத்தப்பட்டனர், அடிக்கப்பட்டனர். குணமாக்கும் ‘அற்புதங்கள்’ முன்னேற்பாட்டோடு நடத்தப்பட்டன. கயானாக் காட்டிலமைந்த யோன்ஸ்டவுண் குடியிருப்பிற்கு மக்கள் சென்றபின் அவர்தங் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. அவர்கள் செவியில் ஒலிபெருக்கியூடாக ஒரே குரலே ஒலித்தது. 1978 நவெம்பர் 18இல், விசாரிக்கச் சென்ற சட்டமன்ற உறுப்பினர் லியோ றையன் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்று மாண்டோர் மொத்தம் 918 பேர். குடியிருப்பில் மட்டும் 909 பேர் நஞ்சினாலும் பிறவாற்றாலும் மாண்டனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் சிறார். தெரிவு செய்யும் வயதடையாத அவர்களைத் தற்கொலை செய்தோர் எனல் பொருந்தாது; அவர்கள் கொல்லப்பட்டவர்.

இது முடிந்துபோன கதையன்று. 2023இற் கெனியாவின் சகஹோலாக் காட்டில், கடவுளைச் சந்திக்கப் பட்டினி கிடக்கவேண்டும் என்னும் போதனையைப் பின்பற்றியோர் எனக் கருதப்படும் 400இற்கு மேற்பட்டவர்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. ஆங்கும் சிறார் பலர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். நிறைவேற்றச் சோதனை உறுதியானது, ஆனால் பிந்தி வருவது. கனிச் சோதனை ஆழமானது, ஆனால் வெளித்தோற்றத்தால் மயக்கக்கூடியது. அதிகாரத்தின் தீர்ப்புத் தன்னலத்தால் திரியக்கூடியது. இவை தள்ளத்தக்கவையல்ல; ஒவ்வொன்றும் தனித்து நிற்கையிற் போதாதவை.

இம்மூன்றையும் இயங்கவைப்பது நான்காவது ஒன்று: சோதிக்கப்படுவதற்கு உடன்படுதல். பவுல் ஏனையோர் நிதானிக்கட்டும் என்றதும், எர்மா மூலையிற் பேசுபவனை ஐயுற்றதும் இதனையே குறித்தன. கணக்கை வெளியிட்ட மில்லர் தவறினார். ஆனால் அவர் தவறினார் என்பதை அறிய எல்லார்க்கும் வழி இருந்தது. அறிந்தோர் அழுதுகொண்டு வீடு திரும்பினர். திரும்ப வீடு இருந்தது. 1881இற்குப்பின் திருவிதாங்கூர் மக்களும் பழைய சபைக்கு மீண்டனர். ஹரிஸ் தம்மை விட்டுச் செல்லுமாறே மக்களை ஏவினார். யோன்ஸ் ஒருவரே வினாவையும் வாயிலையும் ஒருங்கே அடைத்தார். கூறியது பொய்த்தமையினால் மட்டும் யோன்ஸ்டவுணில் மக்கள் மாளவில்லை. பொய்த்ததென்று கூறும் உரிமை பறிக்கப்பட்டமையினாலேயே மாண்டனர்.

தீர்க்கதரிசி என்னுஞ் சொல்லை நாம் கைவிடவேண்டுவதில்லை. ஆயின் அச்சொல் நம் கண்ணை நாளை வரப்போவதன்பால் மட்டும் திருப்பிவிடக்கூடியது என்பதை மறத்தலாகாது. ஒருவர் நாளை பற்றிக் கூறுவதை நாளையே சோதிக்கமுடியும். அவரிடத்து வினவலாமா, அவரைவிட்டு விலகலாமா, அவருடைய கணக்கையும் பணப்பெட்டியையும் பார்க்கலாமா என்பவற்றை இன்றே சோதிக்கலாம். அனனியாவும் எரேமியாவும் எதிரெதிர் நின்ற அவ்வேளையில் மக்கள் கையிலிருந்த உரைகல் இதுவொன்றே. இக்காலத்து மக்கள் கையில் உள்ளதும் அதுவே.